உப்பளத்துக்கு ஆகாத பாட்டு

காதில் என்ன சார் ஓடுகிறது? சும்மாதான் கேட்டேன். ஒரு காதை மட்டும் கழற்றினால் போதும், நான் மெதுவாகத்தான் பேசுவேன். திருநெல்வேலி போய்ச் சேர நேரமிருக்கிறது.

சினிமாப் பாட்டா? நினைத்தேன். தப்பில்லை சார், கேளுங்கள். எத்தனையோ கோடிப் பேர் கேட்கிறார்கள், எல்லாரையும் பிடித்து ஜெயிலிலா போட முடியும்?

என் பெயர் ஜெபசிங். பல்செட் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், நான் பல்லைச் செய்து கொடுப்பேன். எங்கள் ஊரில் ஐம்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் என் கைவேலையால்தான் முறுக்குத் தின்கிறார்கள். அது வயிற்றுப்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வேறு ஆள். ‘கரையோசை’ வானொலியில் ‘ஒரே சரடு’ என்று ஒரு நிகழ்ச்சி, நான்தான் நடத்துகிறேன். நீங்கள் கேட்டிருக்க முடியாது. அது சமுதாய வானொலி, உப்பளத்து ஓரமாக ஒரு மொட்டை மாடியில் கம்பம் நட்டிருக்கிறது. பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் இரைச்சல்தான்.

நிகழ்ச்சி என்னவென்றால், வாரம் ஒரு தலைப்பு. ஒரே ஒரு சொல். ‘கதவு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைப் பற்றி உலகத்தில் எங்கெங்கே பாடியிருக்கிறார்களோ அங்கிருந்தெல்லாம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குக் கோத்துக் கொடுப்பேன். மாலி நாட்டில் ஒருவன் சுரைக்குடுக்கை வீணையை வைத்துக்கொண்டு மாமனார் வீட்டுக் கதவைத் தட்டுவான். அது முடிகிற இடத்தில் நம் ஊர் ஒப்பாரி, சாத்தின கதவு திறக்கலையே என்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போர்ச்சுகல் துறைமுகத்துப் பொம்பளை ஒருத்தி வருவாள். கடைசியில் நாதஸ்வரம். நாதஸ்வரத்தில் கதவு எங்கே என்று கேட்கிறீர்களா? கேட்கிறவனுக்குத் தெரியும் சார். தெரியாதவனுக்கு நான் என்ன சொன்னாலும் தெரியாது.

மற்ற நாட்களில் அங்கே என்ன நடக்கும் தெரியுமா? திங்கள் சமையல் குறிப்பு. செவ்வாய் சர்க்கரை வியாதி. புதன் கோழி வளர்ப்பு. கோழிக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு மணி நேரம். இதற்கெல்லாம் நேயர்கள் இருந்தார்கள் சார். போன் மேல் போன். எனக்கு? ஷெரின் என்று ஒரு பிள்ளைதான் வானொலியை நடத்துகிறது, படித்த பிள்ளை, நல்ல பிள்ளைதான், இசை ஞானம் மட்டும் சுத்தமாகக் கிடையாது. அது ஊர் ஊராகப் போய் யார் எதைக் கேட்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு வந்து என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னது.

“சார், ஒங்க நிகழ்ச்சிய ஒரு வீட்ல கேக்காங்க சார்.”

“எந்த வீடும்மா?”

“ஒங்க வீடுதான் சார்.”

அதுவும் பொய். என் வீட்டுக்காரி அந்த நேரத்தில் சீரியல் பார்ப்பாள்.

எனக்கு வருத்தமில்லை. சமுத்திரத்தில் மணியை அடிக்கிறவன் மீன் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அழுவானா? நான் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ‘செருப்பு’ போட்டேன். ‘தூக்கம்’ போட்டேன். ‘ஆடு’ போட்டேன். மங்கோலியாவில் தாய் ஆடு குட்டியைச் சேர்க்க மறுத்தால் அதன் காதில் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு சார், கேட்டால் கல்லும்... சரி விடுங்கள். நீங்கள் அதைப் போட்டுக் கேட்கப்போவதில்லை.

இந்த வருஷம் மாசிக்கு அப்புறம்தான் திடீரென்று எல்லாம் மாறியது. வெள்ளிக்கிழமையே ஸ்டுடியோவுக்குப் போன். “அண்ணாச்சி, நாளைக்கு என்ன தலைப்பு?” ஒருத்தர் இல்லை. மீன் ஏலம் விடுகிறவர் கேட்கிறார். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கேட்கிறார். சொர்ணக்கிளி என்று ஒரு பெண், உப்பளத்தில் உப்பு வாருகிறவள், வாராவாரம் தவறாமல் கூப்பிடுவாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல், போனைக் காதிலிருந்து தள்ளித்தான் பிடிக்கவேண்டும்.

“அண்ணாச்சி, நாளைக்கு என்ன போடுதிய?”

“நாளைக்குக் கேளும்மா. முன்கூட்டிச் சொன்னா ரசம் போயிரும்.”

“ரசம் கெடக்கட்டும் அண்ணாச்சி. நல்லதா, கெட்டதா? அத மட்டும் சொல்லுங்க.”

நல்லதா கெட்டதா! நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? தரத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று. முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நிற்கிற ஒருத்திக்கு இப்படி ஒரு தேர்ந்த ரசனையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சீரியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ‘காற்று’ போடப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணியெல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. துணி காய்ந்துவிட்டது, எடுத்தாள் என்று நினைத்தேன். புதுச் சட்டை வேறு எடுத்தேன் சார். வானொலியில் சட்டை தெரியுமா என்று கேட்காதீர்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

பங்குனியில் ஒருநாள் ஷெரின் என்னை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. நேயர் வட்டம் என்று ஒன்று நடத்துவார்கள், நாலு பேரை உட்காரவைத்து, நிகழ்ச்சி எப்படியிருக்கிறது என்று பேச்சுக் கொடுத்துப் பதிவு செய்வது. உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று ஓட்டு வீட்டு உயரத்துக்குக் குவித்திருந்தது. அய்யாப்பழம் என்று ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற அளம் அது. அவர் வாயில் இருப்பது என் பல்.

நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். “போன வாரம் ‘பாம்பு’ போட்டோமே, அதில் எகிப்துக் குழல் ஒன்று வந்ததே, எப்படி இருந்தது?”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொர்ணக்கிளிதான் வாயைத் திறந்தாள்.

“அதெல்லாம் நாங்க கேக்கலயே அண்ணாச்சி.”

“கேட்கவில்லையா? வாராவாரம் போன் பண்ணுகிறாயே?”

“தலைப்பு என்னன்னு நீங்க சொல்லுதவரைக்கும் கேப்போம். சொன்ன ஒடன அணைச்சிருவோம்.”

“ஏன்?”

“பாட்டு ஆருக்கு வேணும்? பேட்டரி தீந்துரும்லா.”

அப்புறம் ஒவ்வொருவராக அவிழ்த்துவிட்டார்கள் சார். நான் ‘ஆடு’ போட்ட வாரத்தில் யாரோ ஒருவருடைய காணாமல் போன ஆடு திரும்பி வந்ததாம். ‘தூக்கம்’ போட்ட வாரத்தில் மோட்டார் கொட்டகைக் காவல்காரன் அசந்து தூங்கி, மோட்டார் களவு போனதாம். ‘காற்று’ போட்டேன், பள்ளிக்கூடத்துத் தகரம் பறந்தது. ‘பாம்பு’ போட்டேன், எடை மேடைக்கு அடியில் சாரை. இப்படி ஊரே கூடி முடிவு கட்டியிருக்கிறது, ஜெபசிங் அண்ணாச்சி சொன்னால் பலிக்கும் என்று.

நான் வேதக்காரன் சார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவன். ஜோசியம், குறி, சகுனம் எதுவும் எனக்கு ஆகாது. கேட்டேன், “அறிவு இருக்கா உங்களுக்கு? ‘கண்ணாடி’ என்று போட்டேனே, என்ன ஆயிற்று?”

“பஞ்சாயத்துத் தலைவரு கார் கண்ணாடி ஒடஞ்சுச்சுல்லா.”

“‘தேன்’ போட்டேனே?”

“எங்க மைனிக்குச் சக்கரை கூடிட்டு.”

அய்யாப்பழம் என் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். நான் செய்த பல்லாலேயே என்னைக் கடிக்கிறார்கள் சார். ஷெரின் ஆறுதல் சொல்கிறதாக நினைத்துக்கொண்டு, “எப்படியோ சார், கேக்குறவங்க கூடியிருக்காங்கல்ல?” என்றது. எதைக் கேட்கிறார்கள்? ஒரே ஒரு சொல்லை. என்னைக் கிளி ஜோசியக் கிளியாக்கிவிட்டார்கள். கூண்டைத் திறந்தால் வெளியே வந்து ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். ‘மழை’ போடுவது என்று.

கோபத்தில் எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். மழை என்னுடைய மிகப் பெரிய தலைப்பு சார். பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அசாமில் நாற்று நடுகிற பெண்கள், கியூபாவில் தகரக் கூரை மேல் விழுகிற மழைக்குத் தாளம் போடுகிற கிழவன், கொங்கணிக் கடற்கரைப் பாட்டு, ஜப்பானில் வெறும் மூங்கில் குழல். இடையில் என் குரல்கூட வராது. ஒன்றிலிருந்து ஒன்று சொட்டவேண்டும். கார்த்திகையில் போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கார்த்திகையில் மழை பெய்யும், உடனே பலித்துவிட்டது என்பார்கள். சித்திரையில் போட்டால்? வானம் வெளுத்துக் கிடக்கும். ஒரு சொட்டு விழாது. அந்த மூடநம்பிக்கை அன்றோடு செத்துவிடும், அப்புறமாவது பாட்டைக் கேட்பார்கள். யோசித்துப் பாருங்கள், இது அவர்களுக்கு நான் செய்கிற உபகாரம் இல்லையா?

சித்திரை பிறந்ததும், இந்தத் தடவை மட்டும் வேண்டுமென்றே தலைப்பை முன்கூட்டிச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையே அறிவிப்பு ஓட ஆரம்பித்தது. “வரும் சனிக்கிழமை ஒரே சரடு, தலைப்பு மழை.” ஓடின மறுநாளே ஸ்டுடியோ வாசலில் கூட்டம். கைகாலெல்லாம் உப்புப் பூத்துப்போய் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். முன்னால் சொர்ணக்கிளி, பின்னால் அய்யாப்பழம். ஷெரின் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தது.

உங்களுக்கு உப்பளம் தெரியுமோ என்னவோ. சித்திரை வைகாசிதான் அவர்களுக்கு உயிர். நல்ல வெயிலில்தான் உப்பு விளையும், வாரி எடுத்து அம்பாரம் கூட்டுவார்கள். கோடை மழை ஒன்று இறங்கினால் பாத்தியில் இருப்பதெல்லாம் பழையபடி தண்ணீராகிவிடும், திரும்ப முதலிலிருந்து காய்ச்ச ஒரு மாதமாகும், அது வரைக்கும் யாருக்கும் வேலை கிடையாது. அந்த வாரம் அய்யாப்பழத்தின் அம்பாரம் இன்னும் மூடாமல் வேறு கிடந்தது. ஏற்றிப்போக லாரி வரவில்லை, மூட ஓலையும் வரவில்லை.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம்?” என்றாள் சொர்ணக்கிளி.

“இந்தா பாரும்மா, பாட்டுப் போட்டால் மழை வராது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.”

“வராதுல்லா?”

“வராது.”

“ஒங்களுக்கு நல்லாத் தெரியும்லா?”

“சத்தியமாகத் தெரியும்.”

“அப்பம் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான் ஒங்களுக்கு. போடாம இருந்தா ஒங்களுக்கு என்ன நட்டம்? நீங்க போட்டு, அது தப்பித்தவறி வந்துட்டுன்னு வைங்க, எனக்குக் கஞ்சி கெடையாது. எம்பிள்ளைய காலேசில சேக்க இந்த ரெண்டு மாசந்தான் அண்ணாச்சி இருக்கு.”

படிப்பில்லாத பேச்சு. நான் ஷெரினைப் பார்த்தேன். அது மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்தது.

“சார், முடிவு ஒங்களோடதுதான். ஆனா இது சமுதாய வானொலி. அவங்களுக்காகத்தான் நடத்துறோம். அவங்க வேண்டாம்னு சொல்றத போட்டுட்டு, அடுத்த வாரம் அந்த நேரத்த எப்படி சார் நான் ஒங்களுக்கே கேட்டு வாங்குவேன்? கோழி வளர்ப்புக்காரரு இன்னொரு நாளும் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

புரிகிறதா சார்? கோழிக் கழிச்சலுக்கு என் சனிக்கிழமையைக் கொடுத்துவிடுமாம். வாரம் பூராவும் ஊரான் வாயைப் பார்க்கிற எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அதுவும் போனால் நான் வெறும் பல்செட்டு. ஆனாலும் நான் அசையவில்லை. “கலையில் சமரசம் கிடையாது” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அய்யாப்பழம் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் வந்தார். வந்தார், நின்றார், போய்விட்டார். வாயாடுகிற மனுஷன், அப்படி நிற்பாரா?

சனிக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். எல்லாம் கம்ப்யூட்டரில் தயார். சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கைத் திறந்து, “வணக்கம் நேயர்களே, இன்றைய தலைப்பு...” என்று நிறுத்தினேன். எப்போதுமே அங்கே ஒரு மூச்சு நிறுத்துவேன், அது ஒரு உத்தி. அந்த நிறுத்தத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷெரினுக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. கடல் பக்கம் ஒரு கறுப்பு. பெரிதாக ஒன்றுமில்லை. கம்பளியை உதறிப் போட்ட மாதிரி.

அந்த நேரம் பார்த்து மழைப் பாட்டுக் கோப்பு திறக்கவில்லை சார். தொழில்நுட்பக் கோளாறு. ஷெரின் பிறகு பார்த்துவிட்டு, “நல்லாத் திறக்குதே சார்?” என்றது. அதற்கு என்ன தெரியும்? அப்போது திறக்கவில்லை. நான் திறந்து பார்க்கவில்லைதான், ஆனால் திறக்காது என்று தெரிந்தது, அனுபவம்.

வாயில் வந்ததைச் சொன்னேன். “வெயில்.”

வெயிலுக்கு என்னிடம் ஒன்றுமே தயாரில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் போட்டேன். ஒட்டகக்காரன் பாட்டு, பாலைவனத்தில் வெயில் இருக்கும்தானே. கப்பல் கலாசி பாட்டு. அரேபிய உடுக்கை. நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் என் பழைய ‘செருப்பு’ நிகழ்ச்சியிலிருந்து இரண்டை உருவி, செருப்பில்லாமல் வெயிலில் நடக்கிறவனை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த ஒட்டகக்காரனையே திரும்ப ஒரு தடவையும் போட்டேன். வெட்கக்கேடு. என் வாழ்க்கையிலேயே நான் செய்த மட்டமான நிகழ்ச்சி சார் அது. சரடாவது ஒன்றாவது, வெறும் சிக்கு.

முடித்துவிட்டு வெளியே வந்தால் சொர்ணக்கிளியிடமிருந்து போன். பின்னால் ஒரே இரைச்சல்.

“அண்ணாச்சி, இன்னைக்கு ஒருத்தர்கூட அணைக்கல. அளம் பூரா ரேடியோ பாடுச்சி. அம்பாரத்து மேலயே ஒண்ண வச்சி முழுசா கேட்டோம்.”

“முழுசா?”

“அணைச்சா வெயிலும் அணைஞ்சிருமோன்னு பயம்லா. அந்த ஒட்டகக்காரன் ரெண்டாம்வட்டம் வந்தப்ப அய்யாப்பழம் அண்ணாச்சி எந்திச்சி ஆடிட்டாவ.”

அந்தக் கறுப்பு எங்கள் பக்கம் வரவே இல்லை. தெற்கே பதினாறு, பதினேழு கிலோமீட்டரில் ஒரு ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டதாம். “நம்ம ரேடியோ எட்டாத ஊரு அண்ணாச்சி, பாவம்” என்கிறார்கள். இதைக் கேட்டு நான் சிரிப்பதா, முட்டிக்கொள்வதா?

அன்றிலிருந்து வாராவாரம் ‘வெயில்’. வேறு தலைப்பைச் சொல்ல விடுவதில்லை சார். ஆடித் தபசுத் திருவிழா தாண்டினால்தான் அடுத்த சொல் என்று சொர்ணக்கிளி உத்தரவே போட்டுவிட்டாள். அணைக்காமல் கேட்கிறார்கள், ஒரு மணி நேரமும் கேட்கிறார்கள். ஒட்டகக்காரன் பாட்டைப் பாத்தியில் நின்று கூட்டமாகப் பாடுகிறார்கள், அத்தனை பேருக்கும் சுருதி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஒருத்தனுக்காவது அது எந்த நாட்டுப் பாட்டென்று தெரியுமா? “நம்ம வெயில் பாட்டு” என்கிறான். தலையில் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஷெரினுக்கு ஒரே பெருமை, வானொலிக்கு இவ்வளவு நேயர்கள் இருந்ததே இல்லையாம்.

நான் ஏன் போடுகிறேன் என்கிறீர்களா? நம்பிக்கையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கோழிக்காரனுக்கு என் நேரம் போகக்கூடாது, அதுதான். இதோ இப்போது திருநெல்வேலிக்கு எதற்குப் போகிறேன் தெரியுமா? அங்கே ஒரு நண்பரிடம் எத்தியோப்பியாக்காரர்கள் வெயிலைக் கும்பிட்டுப் பாடுகிற இசைத்தட்டு இருக்கிறதாம், அதை வாங்கிக்கொண்டு வரத்தான். கும்பிடுகிற பாட்டென்றால் கொஞ்சம் வலுவாக இருக்கும்... வலு என்றால் இசையாகச் சொல்கிறேன் சார். கனம். கட்டுமானம்.

பஸ் ஏன் நின்றுவிட்டது? டீக்கா? நல்லது, குடித்துவிட்டு வரட்டும்.

அது என்ன, அங்கே? இல்லை, நமக்குப் பின்னால். கிழக்கே பாருங்கள் சார். அது கடல் பக்கம்தானே? இப்போது கறுத்திருக்கிறதா, எனக்குத்தான் கண்ணாடி மங்கலா? கொஞ்சம் நகருங்கள், பார்க்கிறேன். புகையாக இருக்கும். புகை இப்படியா விரியும்?

அய்யாப்பழத்தின் அம்பாரம் பாதிதான் மூடியிருக்கிறது. நேற்றுக்கூடப் பார்த்தேன். நான் எதற்கு அந்தப் பக்கம் போனேன் என்று கேட்காதீர்கள், நடைப்பயிற்சி.

ஒரு நிமிஷம் சார்.

“ஷெரின்? நான் ஜெபசிங் பேசுகிறேன்மா. இப்போது என்ன ஓடுகிறது? ... கோழியா? நிறுத்து. நிறுத்தும்மா. போன வாரத்து வெயில் இருக்கிறதல்லவா, அதைப் போடு. ... கிழமை எல்லாம் எனக்குத் தெரியும். ... மறுஒலிபரப்பு என்று சொல், சிறப்பு ஒலிபரப்பு என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். ஒட்டகக்காரனிலிருந்து ஆரம்பி. ... ஷெரின், கேள், வைத்துவிடாதே. சத்தத்தைக் கூட்டி வை. இன்னும். இருக்கிறவரைக்கும் முழுசாகக் கூட்டு.”